நூல் கட்டிய சரக்கு

எந்தப் பொருளைக் காட்டி என்ன விலை சொன்னாலும் அதில் பாதியில்தான் அவர் வாயையே திறப்பார் என்பதால், பழைய மரச்சாமான் தெருவில் அவருக்குப் பாதிவிலை என்று பெயர். பெயரை வைத்தது அவர் மனைவி. தெரு அதை இலவசமாக எடுத்துக்கொண்டது. பல் பிடுங்கப் போன இடத்தில்கூட, "ஆடுற பல்லுதானே டாக்டர், அதுவே பாதி வேலையை முடிச்சு வச்சிருக்கு" என்று ஆரம்பித்தவர்.

தொழில் அப்படி. வீடு காலி செய்கிறவர்களிடம் கட்டில், மேசை, பீரோ என்று வாங்கி, ஆடும் காலுக்கு ஆப்பு வைத்து, உப்புத்தாள் தேய்த்து, பாலிஷ் ஏற்றி விற்கிற தொழில். அதில் வாங்கப் போகிறவன் முதலில் மூஞ்சியைப் பூட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். பிடித்திருக்கிறது என்று கண்ணில் தெரிந்துவிட்டால் விலை பரண்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பிடித்த சாமானைத்தான் திட்ட வேண்டும். விரலால் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்க வேண்டும். கரையான் இருக்கிறது, மூட்டு விட்டிருக்கிறது, இந்தக் கலரை யார் வாங்குவார்கள் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அடுத்து, வேண்டாத ஒன்றைக் காட்டி அதன் விலையைக் கேட்க வேண்டும். கடைசியாக நடையைக் கட்ட வேண்டும். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தவன் தொழிலுக்கு லாயக்கில்லாதவன்.

விலை முடிந்ததும் சாமானின் காலில் ஒரு சிவப்பு நூல் கட்டிவிடுவார். விற்றாகிவிட்டது, வேறு யாரும் கேட்காதே என்று அர்த்தம். தெரு முழுக்க அதே வழக்கம். நூல் கட்டிய சரக்கின் மேல் இன்னொருவன் கை வைத்தால் கைகலப்பாகிவிடும்.

அவர் மனைவியும் மரச்சாமான் கடைக்காரர் மகள்தான். இளவட்டத்தில் அவர் ஒரு கண்ணாடி பீரோவை அரை மணி நேரம் நின்று திட்டியபோது, கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் தன் அப்பாவிடம், "ஒத்தைக் காசு குறைக்காதீங்க, இந்த ஆள் இதை எப்பவோ வாங்கிட்டார்" என்று சொல்லிவிட்டாள். முழு விலை கொடுத்தார். வாழ்க்கையில் அவர் முழு விலை கொடுத்தது அந்த ஒரு தடவைதான். அப்புறம் அந்த பீரோவுக்குப் பின்னாலேயே அவளும் வந்து சேர்ந்தாள். முப்பத்து நாலு வருஷம். புதுப் புடவை கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பரவாயில்ல" என்பார். அவர் அகராதியில் அதற்கு மேல் வார்த்தை கிடையாது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. 'துணி மட்டம்' என்று அவர் சொன்னால் அது அதைவிடப் பெரிய பாராட்டு என்றும் அவளுக்குத் தெரியும்.

பத்து மாதத்துக்கு முன், ஒரு வாரக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். கடையில் அவள் உட்காரும் பிரம்பு நாற்காலியின் காலில் அன்றிலிருந்து சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. யாருக்கு விற்றார், எப்போது எடுத்துப்போக வருவார்கள் என்று அவரிடம் வேலை பார்க்கும் பாலிஷ்காரர் ஒரே ஒரு தடவை கேட்டார். முதலாளி பார்த்த பார்வையில் அப்புறம் கேட்கவில்லை.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில்தான் நாய் விவகாரம் ஆரம்பித்தது. ஊர்க்கோடியில் ஒரு நாய்க் காப்பகம். அவரிடம் வாங்கிய மேசையின் இழுப்பறை ஈரத்தில் ஊதிப்போய்த் திறக்கவில்லை என்று அங்கிருந்து நாலு தடவை போன் வந்துவிட்டது. காப்பகத்தை நடத்துகிற அம்மாள் முன்பு தபாலாபீசில் வேலை பார்த்தவள். எதையும் நோட்டில் எழுதி, தேதி போட்டு, அடியில் கோடு இழுக்கிறவள். அப்படிப்பட்டவளிடம் தப்பிக்க முடியாமல் பாலிஷ்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்.

பாலிஷ்காரர் இழுப்பறையைப் பிடுங்கி இழைப்புளியால் சீவ, இவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். ஈர நாய் வாசனையும் பினாயில் வாசனையுமாக அறை. மேசைக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று வந்து அவருடைய வலது பாதத்தின் மேல் கனமாக, சூடாக உட்கார்ந்தது. குனிந்து பார்த்தார். பழுப்பு நிறத்தில் ஒரு பெண் நாய். மோவாயை அவர் பாதத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது, ஏதோ அந்தப் பாதத்தை அதற்கென்றே செய்து போட்டதுபோல.

பத்து மாதமாக அவர்மேல் ஒரு கை பட்டதில்லை. கல்லாவில் சில்லறை வாங்குகிற கைகளைச் சேர்க்காவிட்டால்.

"மொதலாளி, முடிஞ்சுது" என்றார் பாலிஷ்காரர்.

"இன்னொரு தடவை சீவு."

"சீவியாச்சே."

"ஓரமா இன்னும் கொஞ்சம்."

"இனிமே சீவினா இழுப்பறை இருக்காது மொதலாளி, வெறும் ஓட்டைதான் இருக்கும்."

அவர் காலை அசைக்கவில்லை. மழை விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டது. கடைசியில் நாயே எழுந்து, பின்னங்காலை இழுத்துக்கொண்டு தன் கூண்டுக்குப் போயிற்று. ஆறாம் நம்பர் கூண்டு.

பாதிவிலை தொண்டையைச் செருமிக்கொண்டார். மூஞ்சியைப் பூட்டிக்கொண்டார்.

"இந்த நாயி... இதெல்லாம் குடுக்கறதுதானா மேடம்?"

"நல்ல வீடாப் பாத்துக் குடுப்போம் சார்."

"என்ன விலை?"

"விலையெல்லாம் கிடையாது."

அவர் தடுமாறிப்போனார். விலை இருந்தால் பாதியில் ஆரம்பிக்கலாம். விலையே இல்லாத சரக்கை எந்தப் பக்கம் பிடிப்பது? ஆனாலும் கை பழகிய வேலை நிற்குமா?

"விலை இல்லைன்னா அப்ப எங்கயோ கோளாறு இருக்கு. காது கிழிஞ்சிருக்கு. பின்னங்கால் இழுக்குது. வயசு என்ன சொல்றீங்க?"

"ஆறு இருக்கும்."

"பல்லைப் பாத்தா எட்டு சொல்லலாம். மூக்கெல்லாம் நரைச்சுப்போச்சு. கலரும் ஒரு கலரா இல்ல, டீ கொட்டின மாதிரி. இதை யாரு எடுப்பா?"

அந்த அம்மாள் நோட்டைத் திறந்து எதையோ எழுதினாள். அவர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். இரண்டாம் படிக்குப் போனார்.

"அதோ அந்த வெள்ளைக் குட்டி எப்படி?"

"அதுவா? துருதுருன்னு இருக்கும். உங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கா?"

"சும்மா கேட்டேன்."

அதையும் எழுதினாள். மூன்றாம் படி. "சரி, வர்றேன்" என்று நடையைக் கட்டினார். காப்பகத்தின் வாசலுக்கு நாற்பது அடி. முப்பதாவது அடியில் வேகத்தைக் குறைத்தார். கேட்டுக்கு வெளியே நின்று வேட்டியை ஒரு தடவை அவிழ்த்துக் கட்டினார். யாரும் கூப்பிடவில்லை.

"யாருக்கு மொதலாளி காத்திருக்கோம்?" என்றார் பாலிஷ்காரர்.

"குடையை மறந்துட்டேன்."

நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகத் திரும்பிப் போனார். அந்த அம்மாள் குடையையும், கூடவே ஒரு விண்ணப்ப ஃபாரத்தையும் தயாராக எடுத்து நீட்டினாள். நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் பாதிவிலை சட்டைப்பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, ஆறாம் நம்பர் கூண்டின் கம்பியில் சட்டென்று ஒரு முடிச்சுப் போட்டார். அந்தப் பிரம்பு நாற்காலியைத் தவிர்த்தால், விலை முடியாத சரக்குக்கு அவர் நூல் கட்டியதும் அதுதான் முதல் தடவை.

வீட்டில் அவரும் மகளும்தான். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவள். நாள் முழுக்க அடுத்தவர் பார்வையைச் சரி செய்துவிட்டு வந்து, ராத்திரிச் சோற்றுக்கு அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். பேச்சு என்று ஒன்று அந்த வீட்டில் அம்மாவோடு போய்விட்டது. அன்றைக்கு அவராகப் பேசினார்.

"ஒரு நாயி. கண்றாவியா இருக்கு."

மகள் நிமிர்ந்தாள். "எங்க?"

"அந்தக் காப்பகத்துல. நொண்டி. கிழட்டு மூஞ்சி. அதுக்கு ஒரு ஃபாரம் வேற குடுத்திருக்காங்க."

"காட்டு."

வாங்கிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். 'இந்த நாயை ஏன் விரும்புகிறீர்கள்?' என்ற ஏழாவது கேள்விக்கு எதிரே அவர் கையெழுத்தில், 'அப்படி ஒன்றும் விருப்பம் இல்லை, கேட்டுப் பார்க்கிறேன்' என்று இருந்தது.

"அப்பா, நீ நாய் கேக்கப் போனியா, ஏலத்துக்குப் போனியா?"

"எடுத்த உடனே புடிச்சிருக்குன்னா தலையில ஏறிக்குவாங்கம்மா."

"எதுக்கு ஏறணும்? விலையே இல்லைங்கறாங்க!"

"அதுதான் எனக்குப் பிடிபடல."

"வேணும்னு எழுது. மூணு எழுத்து."

"எழுதலாம்..." என்றார். பேனாவை எடுத்தார். வைத்தார். மூக்கைச் சொறிந்தார். அடித்துவிட்டு, 'பார்க்கலாம்' என்று எழுதினார். மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தே போய்விட்டாள்.

ஃபாரத்தைக் கொடுத்ததிலிருந்து தினம் ஒரு காரணத்தோடு காப்பகத்துக்குப் போனார். ஒரு நாள் இழுப்பறை சரியாக ஓடுகிறதா பார்க்க. ஒரு நாள் கூண்டுக் கதவின் கீல் கிரீச்சிடுகிறது, யாரும் கேட்காமலே எண்ணெய் விட. ஒரு நாள் காரணமே அகப்படாமல் வேலிக்கு வெளியே மழையில் நின்றுவிட்டு வந்தார். கடையில் வியாபாரம் தாறுமாறாகப் போயிற்று. தேக்கு மேசை கேட்டு வந்தவரிடம் எட்டாம் தேதி வா என்றார். எட்டாம் தேதி போய் மூன்று நாளாகியிருந்தது. எதிர்க்கடைக்காரர் கைகொட்டிச் சிரித்தார்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. மகள்தான் எடுத்தாள்.

"உங்கப்பா விண்ணப்பத்தை ஏத்துக்க முடியலம்மா. தப்பா நினைக்காதீங்க. அந்த நாயை ஏற்கெனவே ரெண்டு வீட்டுல கொண்டுபோய்த் திருப்பி விட்டுட்டாங்க. மூணாவது தடவையும் திரும்பி வந்தா அது சாப்பிடறதையே நிறுத்திடும். உங்கப்பா பாத்த அன்னைக்கே ஏழு குறை சொல்லியிருக்கார். நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். சனிக்கிழமை வேற ஒரு ஜோடி பாக்க வர்றாங்க."

மகள் போனை வைத்துவிட்டுச் சொன்னாள். அவர் ஒரு நாற்காலியைத் தலைகீழாகப் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. தேய்த்த இடத்திலேயே தேய்த்தார். பாலிஷ் போய், வர்ணம் போய், வெள்ளை மரம் தெரிந்தது.

"ஏழா?" என்றார். "நான் அஞ்சுதானே சொன்னேன்?"

"அப்பா!"

"உங்கம்மா இருந்தா அந்தம்மாகிட்ட விளக்கிச் சொல்லியிருப்பா." தேய்த்த இடத்து மரத்தூளை ஊதித் தள்ளினார். "அவ இல்லாம நான் பேசறது ஒருத்தருக்கும் விளங்க மாட்டேங்குது."

மகள் உப்புத்தாளை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

சனிக்கிழமை, கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளும் கூடப் போனாள். பாதிவிலை கையில் திருப்புளி வைத்திருந்தார். கூண்டுக் கீலில் ஒரு திருகு லூசாக இருக்கிறதாம். அந்த ஜோடி முன்னமே வந்திருந்தது. நல்ல பிள்ளைகள். விளையாட்டுப் பந்து ஒன்று வாங்கி வந்திருந்தார்கள்.

"ஐயோ, கண்ணைப் பாரேன்! எவ்வளவு அழகு!" என்றாள் அந்தப் பெண்.

"செம க்யூட்" என்றான் புருஷன். கைப்பேசியில் நாலு படம் எடுத்தான்.

ஆறாம் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்த பாதிவிலை, இறுக்கிய திருகையே மறுபடி இறுக்கினார். யாராவது இப்படிச் சரக்கைப் புகழ்வார்களா? தொழில் தெரியாதவர்கள். ஆனால் இந்தக் கடையில் அந்த வியாபாரம்தான் எடுபடுகிறது.

காப்பகத்து அம்மாள் நோட்டைத் திறந்தாள். "காலைப் பத்தி ஏதாவது கேக்கணுமா?"

"எந்தக் காலு?" என்றான் புருஷன்.

அவ்வளவுதான். பாதிவிலையால் வாயை அடக்க முடியவில்லை.

"இடது பின்னங்காலு தம்பி. பாத்தாத் தெரியல? எறக்கத்துல இழுக்கும், மேட்டுல இழுக்காது. காலையில எழுந்ததும் முதல் பத்தடிக்குத் தரையில ஊனாது. மழை பேஞ்சா நாள் பூராவும். வலது காது கேக்காது, இடது பக்கமா நின்னுதான் கூப்பிடணும். தட்டை நடுவுல வச்சா சாப்பிடாது, சுவரோரமா வைக்கணும், முதுகுப் பக்கம் ஆள் இருந்தா அதுக்கு பயம். எவனோ பின்னாலேருந்து அடிச்சிருக்கான். குடையைக் கண்டா படுத்துக்கும். அதுக்காகத்தான் மூணு நாளா நான் குடையை வெளியில வச்சுட்டு நனைஞ்சுக்கிட்டு வர்றேன்."

"டாக்டர்கிட்டக் காட்டினா சரியாயிடும்ல?" என்றாள் பெண், மெதுவாக.

"ஆகாது."

ஜோடி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. காப்பகத்து அம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சார், நீங்களும் எடுக்க மாட்டீங்க, எடுக்க வர்றவங்களையும் கெடுக்கறீங்க. போன ரெண்டு வீட்டுக்காரங்களும் இப்படித்தான், இது சரியில்ல அது சரியில்லன்னு சொல்லித் திருப்பி விட்டாங்க."

"எப்ப சொன்னாங்க?" பாதிவிலை எழுந்து நின்றார். "எடுக்கறப்ப சொன்னாங்களா, எடுத்துட்டுப் போனப்புறம் சொன்னாங்களா?"

அந்த அம்மாள் நோட்டைப் பின்னால் புரட்டினாள். "...போனப்புறம்."

"எடுக்கறப்ப அழகு, க்யூட்டு. வீட்டுக்குப் போய்ப் பாத்தா காலு. திருப்பிக் கொண்டாந்து விட்டாச்சு. நாற்பது வருஷமா சாமான் வாங்கறேன், ஒரு முக்காலியத் திருப்பிக் குடுத்தது கிடையாது. ஏன்னா எல்லாக் கோளாறையும் வாங்கறப்பவே வாய்விட்டுச் சொல்லிடறேன். அப்புறம் சொல்றதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

அம்மாள் கூண்டுக் கம்பியைக் காட்டினாள்.

"இந்தச் சிவப்பு நூல் நீங்க கட்டினதா? ரெண்டு தடவை அவுத்துப் போட்டேன். மறுபடி மறுபடி இருக்கு."

அவர் திருகைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள்தான் கிட்டே வந்து நூலைத் தொட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது.

"மேடம், எங்க தெருவுல நூல் கட்டினா வித்தாச்சுன்னு அர்த்தம். எங்கம்மா உக்காந்த நாற்காலியத் தவிர, எங்கப்பா விலை முடியாம எதுக்கும் நூல் கட்டினதில்ல. இதை மொதல்ல என்னைக்குப் பாத்தீங்க?"

நோட்டு புரண்டது. "இழுப்பறை ரிப்பேர் பண்ண வந்த அன்னைக்கு."

"பாத்த அன்னைக்கே எடுத்துட்டார் மேடம். வாயிக்குத்தான் இன்னும் சேதி போகல."

அந்தப் பெண் தன் புருஷனின் கையைப் பிடித்தாள். "நாங்க அந்த வெள்ளைக் குட்டியைப் பாக்கறோம்" என்று நகர்ந்தார்கள். பந்தை மட்டும் கூண்டு ஓரம் வைத்துவிட்டுப் போனாள்.

காப்பகத்து அம்மாள் பேனாவைத் திறந்தாள். தபாலாபீசில் வேலை பார்த்தவள், கட்டம் காலியாக இருந்தால் விடமாட்டாள். "எல்லாம் சரி சார். ஏழாவது கேள்விக்கு மட்டும் உங்க வாயால பதில் வேணும். நாய் பிடிச்சிருக்கா?"

பாதிவிலை நாயைப் பார்த்தார். நாய் அவர் பாதத்தைப் பார்த்தது. நெற்றியில் வியர்த்தது. நூறு சாமான் ஏற்றிய வண்டியை ஒற்றை ஆளாகத் தள்ளுகிறவர்போல முகம் கோணியது.

"பரவாயில்ல" என்றார்.

அம்மாள் பேனாவை நிறுத்தினாள். "அவ்வளவுதானா?"

"எழுதிக்கோங்க மேடம்" என்றாள் மகள். "எங்கம்மாவுக்கே அவ்வளவுதான் கிடைச்சுது."

எழுதினாள். தேதி போட்டாள். அடியில் கோடு இழுத்தாள்.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும் பாதிவிலைக்கு உடம்பில் பழைய தெம்பு திரும்பியது. கழுத்துப்பட்டையைச் சேர்த்துக் கொடுப்பார்களா என்று கேட்டார். கொடுத்தார்கள். அப்படியென்றால் சோற்றுத் தட்டு? அதுவும். படுக்கிற சாக்கு எப்படியும் அதனுடையதுதானே என்று அதையும் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். "விலையே இல்லாத இடத்துலயும் கூடுதலா வாங்கிட்டு வர்ற ஆளு நீதான்ப்பா" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். கம்பியிலிருந்த நூலை அவர் பக்குவமாக அவிழ்த்துக் கழுத்துப்பட்டையில் கட்டினார். ஆட்டோவில் வீடு வரும்வரை நாயின் மோவாய் அவர் வலது பாதத்தின் மேல் இருந்தது. கால் மரத்துப்போயிற்று. எடுக்கவில்லை. மகள் பேசிக்கொண்டே வந்தாள், அவரும் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். எதைப் பற்றி என்று இருவருக்குமே அப்புறம் ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலம் மழை வெறித்திருந்தது. கடைவாசலில் சாக்கைச் சுவரோரமாக விரித்துத் தட்டையும் சுவரோரமாக வைத்திருந்தார். நாய் கடையை ஒரு சுற்று முகர்ந்துவிட்டு, பிரம்பு நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது. பாலிஷ்காரர் தூரிகையைப் பிடித்தபடி முதலாளி முகத்தைப் பார்த்தார். முதலாளி அந்த நாற்காலியை இழுத்து அதிலேயே உட்கார்ந்து, காலை நீட்டிக் கொடுத்தார்.

எதிர்க்கடைக்காரர் டீ டம்ளரோடு தெருவைக் கடந்து வந்தார். குனிந்து பார்த்தார். தற்செயலாக நாயின் இடது பக்கமாக நின்று நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்தார். நாய் வாலை ஆட்டியது. அவர் குந்தி உட்கார்ந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"என்னய்யா இது, காது கிழிஞ்சிருக்கு?"

பாதிவிலை நூல்கண்டைச் சட்டைப்பைக்குள் செருகினார்.

"காலு வேற இழுக்குது போல. வயசும் ஆயிடுச்சு. இந்தக் கலர்ல ஒரு நாயா?" சொல்லிக்கொண்டே அவர் கை நாயின் நெற்றியைத் தடவியது. தடவிய கை திரும்பி வரவில்லை. "எங்க புடிச்ச இதை? இதுக்கெல்லாம் சோறு போட்டு எவன்..."

பாதிவிலை நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். பத்து மாதத்துக்கு அப்புறம் அவர் பல் வெளியே தெரிந்தது.

"கையை எடுய்யா" என்றார். "நூல் கட்டியாச்சு."